டயானாவின் நோயும் குணமும்

இங்கிலாந்து இளவரசி டயானாவின் திருமணக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். 1981 ஜூலை 29 அன்று லண்டன் புனித பால் பேராலயத்தில் நடைபெற்ற அத்திருமணத்தைப் பல கோடிப் பேர் தொலைக்காட்சியில் கண்டனர். இருபது வயது மணமகள் அப்போதே புலிமியா என்னும் உண்ணுதல் கோளாறால் துன்புற்றுக்கொண்டிருந்ததை அவர்கள் அறிந்திலர்.

அடக்க இயலாமல் மிகுதியாக உண்பதும், பின்னர் குற்றவுணர்வால் வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ அதனை ஈடுசெய்ய முயல்வதும் இந்நோயின் இயல்பு. உடல் எடை பெரும்பாலும் மாறாதிருப்பதால் ஒரே வீட்டில் வாழ்வோரும் இதனை உணர்வதில்லை. தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு சீர்கெடலாம்.

டயானா 1961 ஜூலை 1 அன்று பிறந்தார். அவருக்கு ஏழு வயதானபோது பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். நோய்க்கு அதுவே காரணம் என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். அத்தகைய இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை. திருமண நிச்சயத்திற்கு அடுத்த வாரமே நோய் தொடங்கியதாக அவர் தெரிவித்தார். தம் கைகளையும் கால்களையும் காயப்படுத்திக்கொண்டதையும் 1995ஆம் ஆண்டு தொலைக்காட்சி நேர்காணலில் ஒப்புக்கொண்டார். உள்ளத்தின் வலியைச் சொல்லியும் கேட்பாரில்லாதபோது, உதவி வேண்டியே அவ்வாறு செய்ததாக விளக்கினார். மிகையாக உண்பதும் காயப்படுத்திக்கொள்வதும் தாங்கொணா உணர்வைச் சற்று நேரம் தணிக்கின்றன. அதனாலேயே இரண்டும் ஒருவரிடமே காணப்படுவதுண்டு.

அரண்மனையில் இருந்தவர்கள் இதனை நோயாகக் காணவில்லை. நிலையற்ற மனத்தினர், உணவை வீணாக்குபவர் என்றே கருதினர் என்பது அவரது மனக்குறை. அவர் மறைந்த பின்னர், எல்லைநிலை ஆளுமைக் கோளாறு அவருக்கு இருந்திருக்கலாம் என்று எழுதியோரும் உளர். நேரில் பரிசோதிக்காமல் அவ்வாறு பெயர் சூட்டுவது முறையன்று. கைவிடப்படுவோமோ என்னும் அச்சம், நொடியில் மாறும் உணர்ச்சி, எண்ணாமல் செயல்படுதல் ஆகியவை நீண்ட காலமாகத் தொடர்வதே அக்கோளாறு. புலிமியா உடையோர் சிலரிடம் அதுவும் சேர்ந்திருக்கும், பலரிடம் இராது. சீரற்ற உணவே ஒருவரை எரிச்சலும் கலக்கமும் கொள்ளச் செய்யும் என்பதால், உண்ணும் முறை ஓரளவு சீரான பின்னரே ஆளுமையை மதிப்பிட மருத்துவர்கள் விரும்புவர். அக்கோளாறு இருப்பினும், பேச்சுவழிச் சிகிச்சைகளால் குறையக்கூடியதே.

மருத்துவரை நாடாவிடில் உண்மையை வெளியிட்டுவிடுவதாகத் தோழி ஒருவர் எச்சரித்த பின்னரே டயானா சிகிச்சைக்கு இசைந்தார். (இவ்வழியை நாங்கள் பரிந்துரைக்கவில்லை, அத்தோழி விலகிச் செல்லாமல் உடனிருந்ததைக் கவனியுங்கள்.) பல ஆண்டுகளில் படிப்படியாக நலமடைந்தார். 1993 ஏப்ரலில் லண்டன் மாநாடு ஒன்றில் உண்ணுதல் கோளாறுகள் பற்றிப் பொதுவில் உரையாற்றினார். அக்காலத்தில் பிரிட்டனில் புலிமியாவுக்காக மருத்துவரை நாடியோர் பெருகினர். அவரது வெளிப்படைத்தன்மையும் அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸில் கார் விபத்தில் தமது 36ஆம் வயதில் மறைந்தார்.

உங்கள் இல்லத்தில் எவரேனும் உணவுக்குப் பின் உடனே குளியலறைக்குச் செல்வதையோ, வெயிலிலும் கைகளை மறைத்து உடுத்துவதையோ கண்டால், கடிந்துகொள்ளாமல் தனிமையில் கேளுங்கள். இறக்கும் எண்ணத்தை வெளிப்படுத்தினால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.