கீழக்கரை வள்ளலும் நம் கல்லாப்பெட்டியும்

மூவாரில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களில் யாரைக் கேட்டாலும் சீதக்காதி என்ற பெயரை அறிவார்கள். கை தாராளமாக உள்ள ஒருவரைக் கண்டால் இவர் பெரிய சீதக்காதி என்போம். அளவு மீறிக் கொடுப்பவரைக் கேலி செய்யவும் அதே பெயரைத்தான் எடுப்போம். மாண்ட பின்னும் கொடுத்தவர் என்ற புகழ் தமிழ் நாட்டில் அவர் ஒருவருக்கே வாய்த்தது. ஆனால் அவர் முதலில் ஒரு வியாபாரி, லாப நஷ்டக் கணக்குப் பார்த்தவர், சரக்கு ஏற்றி இறக்கியவர் என்பதைப் பலரும் மறந்து விடுகிறோம். வானத்திலிருந்து வந்த பொன்னை அவர் வாரிக் கொடுக்கவில்லை. நாம் செய்கிற தொழிலைச் செய்துதான் கொடுத்தார். ஆகையால் அவரை ஒரு வர்த்தகராக வைத்தே இங்கே எழுதுகிறோம்.

அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். மக்கள் நாவில் அது தேய்ந்து சீதக்காதி ஆயிற்று. ஊர் கீழக்கரை. காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அப்போது இராமநாதபுரம் சீமையை ஆண்டவர் கிழவன் சேதுபதி என்ற ரகுநாத சேதுபதி. போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவரும், 1710இல் மறைந்தவரும் அவரே. அந்த மன்னர் நம் மரைக்காயரைத் தம் நெருங்கிய நண்பராகவும் ஆலோசகராகவும் கொண்டு, தம் குடும்பப் பட்டத்தையே சேர்த்து விஜய ரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர் என்று அழைத்துக் கௌரவித்தார். இராமேஸ்வரத்துக் காவலரான மன்னர் ஒரு முஸ்லிம் வியாபாரியிடம் வைத்த நம்பிக்கை அது. வாக்குத் தவறாத கொடுக்கல் வாங்கலைத் தவிர வேறு எதனால் அப்படிப்பட்ட நம்பிக்கை பிறக்கும் என்று நமக்குத் தெரியவில்லை.

அன்றைய கடல் வாணிபம் எளிதாக இருக்கவில்லை. டச்சுக்காரர்கள் 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள். 1656இல் கொழும்பு, 1658இல் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போயின. ஆகக் கீழக்கரையிலிருந்து பாய் விரித்த நம் முன்னோருக்குப் புறப்படும் கரையிலும் டச்சுக்காரர், போய்ச் சேரும் கரையிலும் டச்சுக்காரர். முத்துக் குளிப்பிலும் சங்கிலும் அவர்கள் பங்கு கேட்டார்கள், மிளகிலும் துணியிலும் தங்களுக்கே ஏகபோகம் வேண்டும் என்றார்கள். அந்தக் கம்பெனியின் தஸ்தாவேஜுகளில் பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயர் வருகிறது. சேதுபதியின் சார்பில் பேரம் பேசுகிறவராக, எளிதில் மடங்காதவராக அந்தப் பெயருக்குரியவர் அங்கே காணப்படுகிறார். இரக்கமுள்ளவர் வியாபாரத்தில் ஏமாந்தவராக இருப்பார் என்று சிலர் எண்ணுகிறார்கள். பேரத்தில் கெட்டியாக நின்று சம்பாதித்ததனால்தான் பிறகு இளகிக் கொடுக்கவும் முடிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அவரை ஔரங்கசீப் பாதுஷா வங்காளத்துக்கு அதிகாரியாக அனுப்பினார் என்றும், அந்த உத்தியோகம் பிடிக்காமல் திரும்பி வந்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது. அது உண்மையானாலும் அல்லாவிட்டாலும் அவருடைய பெருமைக்கு அதனால் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அவர் பெயரை நிலைநிறுத்தியது ஒரு பஞ்சம். இராமநாதபுரம் சீமையின் நிலை நம் வாசகர்களுக்குத் தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்து, வைகையில் தண்ணீர் வந்து, கண்மாய்கள் நிரம்பினால்தான் அங்கே நெல். ஒரு வருஷம் மழை தவறினால் குடியானவன் விதை நெல்லைத் தின்பான். இரண்டாவது வருஷமும் தவறினால் ஊரை விட்டு நடப்பான். அப்படி ஒரு காலத்தில் நெல்லுக்கு நிகராகப் பொன்னை நிறுத்துக் கொடுக்க வேண்டிய நிலை வந்ததென்றும், அப்போது மரைக்காயர் தம் களஞ்சியத்தைத் திறந்து சாதி சமயம் பாராமல் சோறிட்டார் என்றும் படிக்காசுப் புலவர் பாடி வைத்தார்.

இதை நாம் வெறும் தர்மமாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது. வியாபாரிகளாகிய நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விலை மலிந்த காலத்தில் ஒரு மூட்டை அரிசியைத் தானம் செய்தால் நமக்குப் போவது ஒரு மூட்டையின் விலை. விலை பத்து மடங்கு ஏறிய நாளில் அதே மூட்டையைக் கொடுத்தால் போவது பத்து மூட்டையின் விலை. கிட்டங்கியில் சரக்கு வைத்திருப்பவனுக்குப் பஞ்சம் என்பது வாழ்நாளில் ஓரிரு முறை வரும் பெருலாபம். கப்பல் வைத்திருந்தவருக்கு அது இன்னும் அதிகம், ஏனெனில் மழை பெய்த தேசத்தில் வாங்கி மழையற்ற தேசத்தில் இறக்க அவரால் முடியும். அந்த லாபம் கண் முன் நிற்கும்போது கதவைத் திறந்தார் என்பதில்தான் மரைக்காயரின் இரக்கத்துக்கு எடை இருக்கிறது. சரக்கு மிஞ்சிக் கிடந்த நாளில் கொடுத்திருந்தால் புலவர்களுக்குப் பாட விஷயம் கிடைத்திராது.

படிக்காசுப் புலவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தருமபுரம் ஆதீனத்தைச் சேர்ந்த சைவத் தம்பிரான். தொண்டைமண்டல சதகம் பாடியவர். திருநீறு பூசிய துறவி ஒருவர் கீழக்கரை மரைக்காயரின் வாசலுக்கு வந்து பரிசில் பெற்றார், அவர் இறந்தபோது மனம் உடைந்து பாடினார். வந்தவர் எந்த மதம் என்று வாசலில் நிறுத்திக் கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இருக்கவில்லை.

இதைவிட ஆச்சரியமான ஒன்று சீதக்காதி நொண்டி நாடகத்தில் இருக்கிறது. நொண்டி நாடகம் என்பது அக்காலத்து மக்கள் கூடிப் பார்த்த ஒரு வகைக் கூத்து. ஒற்றைக் காலோடு மேடைக்கு வரும் ஒரு திருடன் தன் கதையைத் தானே சொல்லுவான். இந்த நாடகத்துத் திருடன் செஞ்சியில் முகாமிட்டிருந்த முகலாயப் படையில் குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கொள்கிறான். கையும் காலும் வெட்டப்படுகின்றன. அவன் அந்த நிலையில் கிடப்பதைக் காணும் சீதக்காதி மரைக்காயர் மனம் இரங்கி, அவனை எடுத்து வரச் செய்து வைத்தியம் பார்க்கிறார். பிறகு அவன் மனந்திருந்தி மக்காவுக்குப் போய் உறுப்புகளைத் திரும்பப் பெறுவதாகக் கதை முடிகிறது.

கூத்தைக் கோர்ட்டுச் சாட்சியமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் அதை இயற்றியவரின் மனத்தை யோசித்துப் பார்ப்போம். ஒரு திருடனைக் காப்பாற்ற மேடையில் அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. திருடனுக்கு இயற்கையான விரோதி யார்? பூட்டுப் போட்டுப் பொருள் வைத்திருக்கும் வியாபாரிதான். அந்த வியாபாரியையே காப்பாற்றுகிறவராக நிறுத்தினார் என்றால், கீழே உட்கார்ந்திருந்த ஜனங்கள் அதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள், ஆமாம், மரைக்காயர் அப்படிச் செய்கிறவர்தான் என்று தலையசைப்பார்கள் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேரை இப்படி மேடையேற்றலாம்? கல்லாவில் கை வைத்த பையனைத் தெருவில் தள்ளிய முதலாளிகளை நாம் பார்த்திருக்கிறோம். அவனை அழைத்து உட்கார வைத்து, உனக்கு என்ன கஷ்டம் என்று விசாரித்தவர்களைப் பார்த்தது குறைவு.

இரக்கம் காட்டும்போது அதைப் பெறுகிறவன் முகம் வாடக் கூடாது என்பதும் வியாபாரிக்குரிய பாடம். இதில் நாம் வெகு தூரம் போய் இமாம் அபூஹனீபா அவர்களையும் நினைக்கலாம். நம் கடற்கரை ஊர்க்காரர்களில் பலர் ஷாபியீ மத்ஹபினர் என்றாலும், கடை வைத்திருப்பவர் எல்லோருக்கும் அந்த இமாம் சொந்தம். கூபா நகரத்தில் பட்டு வியாபாரம் செய்து 767இல் மறைந்தவர் அவர். ஒரு பெண் பட்டுத் துணி ஒன்றை விற்கக் கொண்டு வந்து குறைந்த விலை கேட்டபோது, அது அதற்கு மேல் பெறும் என்று விற்கிறவளுக்காகத் தாமே விலையை ஏற்றி வாங்கினார் என்று அவருடைய சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர். சதகா என்று சொல்லி நீட்டியிருந்தால் அவள் தலை குனிந்திருப்பாள். நியாய விலை கிடைத்ததனால் நிமிர்ந்து போனாள்.

இனி எல்லோரும் அறிந்த மோதிரக் கதைக்கு வருவோம். உதவி நாடி நெடுந்தூரம் நடந்து வந்த புலவர் ஒருவர், மரைக்காயர் மண்ணறைக்குப் போய்விட்டார் என்று கேட்டு, அங்கே சென்று அழுதார் என்றும், அப்போது மண்ணைப் பிளந்து கொண்டு மோதிரம் அணிந்த கை வெளியே நீண்டது என்றும் சொல்வார்கள். கை வந்ததா, வரவில்லையா என்று வாதாடுவதில் நமக்கு விருப்பமில்லை. இந்தக் கதை ஏன் இத்தனை தலைமுறையாக மறையாமல் நிற்கிறது என்பதே நம் யோசனை. முதலாளி இறந்த மறுநாள், அவருடைய வாய்மொழியை நம்பியிருந்தவன் கதி என்ன என்ற கேள்வி ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு காலத்திலும் இருக்கிறது. கதைக்கு உயிர் கொடுப்பது அந்தக் கேள்விதான்.

இந்த ஊர்க் கடைகளையே எடுத்துக் கொள்வோம். ஊரிலிருந்து வாலிபத்தில் வந்து, கடையிலேயே படுத்து, கடையிலேயே நரைத்தவர்கள் உண்டு. உன் மகள் கலியாணத்தை நான் பார்த்துக் கொள்கிறேன், நீ ஊருக்குத் திரும்பும்போது உனக்கு ஒரு தொகை உண்டு என்று முதலாளி சொல்லியிருப்பார். மனதாரத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பேரேட்டில் அது ஏறாது. திடீரென்று அவர் மௌத்தானதும் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், தந்தையின் வாக்கு அவர்களுக்குத் தெரியாது. கிழவர் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஒன்றும் பேசாமல் போவார். இப்படிப் போனவர்களை நாம் வழியனுப்பியிருக்கிறோம். கடனை எழுதி வைக்கிற நாம், கொடுத்த வாக்கையும் அதே புத்தகத்தில் ஒரு வரி எழுதி, இரண்டு பேருக்குக் காட்டி வைத்தால் இந்தத் துயரம் நேராது. ஜகாத் கணக்கு எடுக்கும் நாளிலேயே இதையும் செய்து விடலாம். அரை மணி நேர வேலை.

சீதக்காதிக்கும் இப்படி ஒரு வாக்குப் பாக்கி நின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் பெருங்காவியமாகப் பாடும்படி உமறுப் புலவரை ஊக்கி, ஆதரவு தந்தவர் அவர். மரைக்காயர்மீது திருமண வாழ்த்துப் பாடியவரும் அந்தப் புலவரே. கீழக்கரையில் வாழ்ந்து 1703இல் மறைந்த மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் காவியத்துக்கு வேண்டிய சரித்திரச் செய்திகள் கிடைக்க வழி செய்தார்கள். புலவர் எழுதிக் கொண்டிருக்கையிலேயே மரைக்காயர் காலமாகி விட்டார். பாதியில் நின்ற பெரும் வேலை, செலவு செய்ய ஆளில்லை. வேறொருவர் தொடங்கிய காரியத்தில் யார் பணம் போடுவார்கள்?

பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் போட்டார். அவரும் வியாபாரிதான். புலவரை அழைத்துத் தம் ஆதரவில் வைத்துக் கொண்டு வேலை தொடரும்படி செய்தார். 5,027 பாடல்களைக் கொண்ட சீறாப்புராணம் நமக்குக் கிடைத்தது இவ்விதமே. காவியத்துக்குள்ளே உமறுப் புலவர் பல இடங்களில் வாழ்த்துவது அபுல் காசிமைத்தான். தொடங்கி வைத்தவர் கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசலில், கல் தூண்கள் நிற்கும் அந்தப் பழைய பள்ளியின் அருகில், அடங்கியிருக்கிறார். ஏட்டில் இருந்த சீறாவை அச்சிலேற்றும் வேலை மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. 1842இல் அதை அச்சிட்டவர் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். வள்ளலின் பெயரே அவருக்கும் பெயர்.