பெரியநாயகி என்று பெயர் வைத்த இத்தாலிச் சாமியார்



இந்தத் தாளின் முன்னால் நிற்கிற நீங்கள் உள்ளங்கையில் விரலால் இரண்டு சொல் எழுதிப் பாருங்கள். முதலில் கொடு, அப்புறம் கோடு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கொம்பின் தலையில் ஒரு சுழி, அவ்வளவுதான். அந்தச் சுழியைப் போட்டுக் கொடுத்தவரைப் பற்றித்தான் இந்த மாதம் நான் எழுதுகிறேன். அவர் பிறந்தது இத்தாலி. ஆனால் நம்ம விருத்தாசலத்துக்கும் அவருக்கும் நெருங்கிய உறவு உண்டு. பாடப் புத்தகத்தில் தேம்பாவணிச் செய்யுளை மனப்பாடம் பண்ணியவர்களில் பல பேருக்கு இது தெரியாது என்று நினைக்கிறேன்.

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி இத்தாலியில் மாந்துவா பக்கத்தில் உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709ல் குருப்பட்டம் வாங்கினார். மறுவருஷமே போர்ச்சுக்கல் நாட்டு லிஸ்பனிலிருந்து கப்பல் ஏறி கோவாவுக்கு வந்துவிட்டார். 1711ல் தமிழ்நாட்டுக்குள் காலடி வைக்கும்போது அவருக்கு முப்பது வயது. நாம் முப்பது வயதில் புதிதாக ஒரு பாஷையை அ, ஆவிலிருந்து ஆரம்பிப்போமா? அவர் ஆரம்பித்தார்.

அவருக்கு முன்னாலேயே ஒரு வழி போடப்பட்டிருந்தது. 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி கட்டி, மரக்கறி உணவு மட்டும் சாப்பிட்டு, சந்நியாசி போலவே வாழ்ந்தார். சீனாவில் மத்தேயோ ரிச்சி அந்த நாட்டுப் படிப்பாளிகள் போல் உடை உடுத்தி இதையேதான் செய்தார். ஐரோப்பிய உடையோடும் ஐரோப்பியப் பழக்கத்தோடும் வந்து நின்றால் யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள் என்பது இவர்கள் கணக்கு. பெஸ்கியும் அந்த வழியிலேயே நடந்தார். காவி அங்கி, தலைப்பாகை, காதில் கடுக்கன், பல்லக்கில் புலித்தோல் ஆசனம் என்று அவர் தோற்றத்தை வர்ணித்திருக்கிறார்கள். முதலில் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். கான்ஸ்டன்டைன் என்ற பெயரிலேயே உறுதி என்ற பொருள் இருக்கிறது, அதைத்தான் அப்படி மாற்றினார். பிறகு வீரமாமுனிவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவர் அதிகமாகத் தங்கியது ஏலாக்குறிச்சியில். நம்ம ஜங்ஷனில் திருச்சி ரயில் ஏறினால் வருமே அரியலூர், அந்தப் பக்கம், கொள்ளிடத்துக்கு வடகரையில் இருக்கிற கிராமம். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்குள்ள மாதாவை அடைக்கல மாதா என்று அழைத்தார். திருக்காவலூர்க் கலம்பகம் பாடியதும் அந்த ஊர் மேல்தான்.

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். மங்கலம்பேட்டை பக்கம் கோணான்குப்பம் என்று ஒரு ஊர் இருக்கிறது. அங்கே உள்ள மாதா கோயில் வீரமாமுனிவர் காலத்தது. அந்த மாதாவின் பெயர் என்ன தெரியுமா? பெரியநாயகி! நம்ம பழமலைநாதர் கோயில் அம்மன் விருத்தாம்பிகையைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம்? அதுவும் பெரியநாயகிதான். பக்கத்து ஊர் அம்மனின் பெயரைக் கேட்டுத்தான் முனிவர் மாதாவுக்கு இந்தப் பெயரை வைத்தார் என்று இந்தப் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. சுற்று வட்டாரத்தில் தாயை எந்தப் பெயரால் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரால் கூப்பிட்டால்தான் ஜனங்களுக்கு அவள் தாயாகத் தெரிவாள். அங்கே உள்ள மாதா சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாகத்தான் நிற்கிறாள். அந்தச் சுரூபத்தை முனிவர் மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் என்றும், அது காட்டுப் புதரில் மறைந்துபோய் மறுபடி கிடைத்தது என்றும், முகாசாபரூர் கச்சிராயர் பிள்ளை வரம் வேண்டி அங்கே கோயில் எழுப்பினார் என்றும் ஊரில் கதை உண்டு. கதையில் எவ்வளவு சரித்திரம் என்று நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் ஜனவரித் திருவிழாவில் தேர் ஓடும்போது அங்கே போய்ப் பாருங்கள், நெற்றியில் விபூதியோடு வந்தவர்களும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் அப்பாயியும் அப்படிப் போகிறவர்தான்.

இந்தக் கட்டுரை எழுதப் போறேன்னு சொன்னதும் எங்கள் குழுவிலேயே ஒரு வாக்குவாதம் வந்தது. மதம் பரப்ப வந்தவரைப் பற்றி எதுக்கு எழுதணும் என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தி, அவர் தமிழ்த் தொண்டு செய்யத்தானே வந்தார் என்றாள். நான் படித்த வரையில் இரண்டு பேர் சொன்னதும் பாதிதான். அவர் வந்தது மதத்தைப் பரப்பத்தான். இதை மறைத்து எழுதினால் அது பொய். தமிழ்ப் படிப்பு அதற்கு ஒரு கருவியாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் மதம் பரப்புவதற்கு நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் போதுமே. அதற்காக யாராவது 3615 பாட்டில் காப்பியம் எழுதுவார்களா?

1726ல் முடித்த தேம்பாவணி அப்படிப்பட்ட நூல். மூன்று காண்டம், 36 படலம். கதைத் தலைவன் இயேசுவை வளர்த்த யோசேப்பு. அவருக்கு முனிவர் வைத்த பெயர் வளன். திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன். நாட்டுப் படலம், நகரப் படலம் என்றெல்லாம் கம்பர் வழியில் வரும். யூதேயா நாட்டில் நம்ம டெல்டா மாதிரி நெல்வயல் விளையும்! நம்ம ஊர்ப் பொம்மைப் பட்டறையில் களிமண் கூழை அச்சில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், எந்த மண் ஆனாலும் அச்சின் உருவத்தில்தான் வெளியே வரும். யூத நாட்டுக் கதையை அவர் தமிழ் அச்சில் ஊற்றினார். தமிழ்நாட்டுக்கு வந்து பதினைந்தே வருஷத்தில்.

அடுத்து அந்தச் சுழிக்கு வருவோம். பழைய இலக்கணப்படி எகர, ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைக்கணும், புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்போ கொடு, கோடு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எரி எது, ஏரி எது என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். தாய்மொழிக்காரனுக்கு அது பழகிவிடும். வெளியிலிருந்து வந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன்தான் தடுக்கி விழுவான். அதனால்தான் கொம்பைச் சுழித்து நெடில் ஆக்கலாம் என்ற யோசனை அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்றைக்கு நம்ம கையெழுத்தில் எல்லாம் அது இருக்கிறது.

அகராதி விஷயமும் இப்படித்தான். அதற்கு முன்னால் நிகண்டுகள் இருந்தன, ஆனால் அவை செய்யுள். மனப்பாடம் செய்தவனுக்கு மட்டும் பொருள் கிடைக்கும். 1732ல் அவர் சதுரகராதி செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பகுதி, சொற்கள் அகர வரிசையில். புரட்டித் தேடினால் யாருக்கும் கிடைக்கும். 1730ல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்து இலக்கணத்துக்கும் தொன்னூல் விளக்கம் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார், 108 அதிகாரம். காமத்துப்பாலின் 25 அதிகாரத்தையும் விட்டுவிட்டார். துறவி என்பதால் தவிர்த்தார் என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது குறையாகவே தெரிகிறது. வள்ளுவரே மூன்று பால் எழுதியிருக்கும்போது ஒன்றை விட்டால் எப்படி?

பரமார்த்த குரு கதையை நாம் எல்லாரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அஞ்சு சீடர்கள். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்ப்பார்களே, பூசணிக்காயைக் குதிரை முட்டைன்னு வாங்குவார்களே, அது இவர் எழுதியதுதான். வெளிநாட்டுச் சாமியார்கள் பேச்சுத்தமிழ் பழகுவதற்காக லத்தீனோடு சேர்த்து எழுதிய பயிற்சி நூல் அது. 1822ல் லண்டனிலேயே அச்சாகிவிட்டது.

அவர் சாதுவான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் மற்ற லுத்தரன் பாதிரிமார்களும் 1706லிருந்து வேலை செய்தார்கள். பைபிளைத் தமிழில் அச்சடித்தார்கள். இரு தரப்பும் கும்பிட்டது ஒரே இயேசுவைத்தான், ஆனால் முனிவர் அவர்களோடு பயங்கரச் சண்டை போட்டார். வேத விளக்கம், பேதகமறுத்தல் என்று நூல் எழுதி அவர்கள் கொள்கையைத் தாக்கினார், அவர்கள் தமிழையும் கிண்டல் செய்தார். இதில் எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்ததுதான். பேச்சுத்தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738ல் அச்சுப் போட்டது யார்? அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்! திட்டியவருடைய புத்தகம்தான் நல்ல புத்தகம் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கும் மனசு இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கம் அவருடைய சொந்தச் சபைக்கே சோதனை வந்தது. டூர்னோன் என்ற போப்பின் தூதர் 1704லேயே புதுச்சேரியில் ஒரு ஆணை போட்டார். ஊர்ப் பழக்க வழக்கங்களைக் கிறிஸ்தவத்தில் இப்படிக் கலக்கக் கூடாது என்று அதில் பல தடைகள். நாற்பது வருஷம் இழுபறி நடந்து, 1744ல் போப் பதினான்காம் பெனடிக்ட் தடையை உறுதி செய்துவிட்டார். அப்போது முனிவர் கிழவர். ஆனால் அந்த ஆணையில் ஒரு நியாயமும் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் வீட்டில் யாராவது நோயில் கிடந்தால் குருமார்கள் அந்த வீட்டுக்குள்ளேயே போய்ச் சடங்கு செய்ய வேண்டும் என்றும் அது சொன்னது. ஊர் வழக்கம் என்று சாதி வழக்கத்தையும் சேர்த்து ஏற்றுக்கொண்டதைத்தான் அது கேள்வி கேட்டது. பெரியநாயகி என்ற பெயரை எடுத்துக்கொள்வது ஒன்று, தீண்டாமையை எடுத்துக்கொள்வது வேறொன்று. அந்தச் சபை இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம்.

சந்தா சாகிபிடம் அவர் திவானாக இருந்தார், கொஞ்ச நாளிலேயே பாரசீகம் படித்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அது புதுவை முத்துசாமிப் பிள்ளை 1822ல் எழுதிய வரலாற்றில் வருகிறது, அதாவது முனிவர் இறந்து 75 வருஷம் கழித்து. ஆராய்ச்சியாளர்கள் இதை முழுசாக ஏற்பதில்லை.

1741ல் மராத்தியர் திருச்சியைப் பிடித்தார்கள், சந்தா சாகிபு சிறைப்பட்டார். நாடு முழுக்கக் குழப்பம். முனிவர் தெற்கே போனார், கடைசியில் கேரளத்தில் அம்பழக்காடு என்ற ஊரில் இருந்த இயேசு சபை மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேயே 1747ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் தேதி இறந்தார். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவை கூட இத்தாலிக்குத் திரும்பவில்லை. தேம்பாவணி அதற்கப்புறமும் நூறு வருஷத்துக்கு மேல் ஓலையில்தான் இருந்தது. புதுச்சேரியில் 1851லிருந்து 1853க்குள் மூன்று பாகமாக அச்சேறியது. 1968ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது சென்னை மெரினாவில் சிலை வைத்தார்கள்.

மெரினா தூரம். கோணான்குப்பம் பக்கம். பஸ் ஸ்டாண்டில் மங்கலம்பேட்டை வழியாக உளுந்தூர்பேட்டை போகிற பஸ் எது என்று கேட்டு ஏறுங்கள்.

- பதினொன்றாம் வகுப்பு மாணவன்