தவறான பக்கம் நின்ற புனிதர்

2025 மே 8 அன்று வாடிகனில் வெண்புகை எழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்களா? பதினான்காம் லியோ புதிய போப்பாண்டவர் ஆனார். ரோமில் நடந்த அந்தத் தேர்வை நம் பாளையங்கோட்டைக் கத்தோலிக்கரும் மகிழ்ச்சியோடு கொண்டாடினர். ஆனால், ஒரு காலத்தில் ஒரே சமயத்தில் இரண்டு போப்பாண்டவர்கள் இருந்தார்கள் தெரியுமா? அந்தக் குழப்பத்தில் வாழ்ந்தவர்தான் புனித வின்சென்ட் பெரர்.

இவர் 1350-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரில் பிறந்தார். பதினேழு வயதில் தோமினிக்கன் சபையில் சேர்ந்து துறவியானார். படிப்பில் மிகவும் கெட்டிக்காரர்.

1378-இல் கர்தினால்கள் ரோமில் ஆறாம் உர்பானைப் போப்பாண்டவராகத் தேர்ந்தெடுத்தனர். சில மாதங்களில் அவர்களில் பலர், மக்கள் கூட்டத்துக்குப் பயந்தே அவரைத் தேர்ந்தெடுத்ததாகக் கூறி, ஏழாம் கிளமெண்ட் என்ற வேறொருவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர் பிரான்சு பக்கமுள்ள அவிஞோன் நகரில் தங்கினார். வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளே பிறகு வேறொருவரைத் தலைவர் என்றால் மற்றவர்கள் யாரை நம்புவது? ஐரோப்பாவே இரண்டாகப் பிரிந்தது.

இத்தாலியில் வாழ்ந்த புனித கத்தரீன், ரோமில் இருந்த உர்பானே உண்மையானவர் என்று உறுதியாக நின்றார். வின்சென்ட்டோ அவிஞோன் பக்கமே சரி என்று நம்பி, 1380-இல் அதற்காக நூலே எழுதினார். பட்டம், பதவிக்காக அல்ல. மனசாட்சி சொன்னதைச் செய்தார்.

கிளமெண்டுக்குப் பின் 1394-இல் அவிஞோனில் பதின்மூன்றாம் பெனடிக்ட் பொறுப்பேற்றார். அவர் வின்சென்ட்டின் நெடுநாள் நண்பர். 1399 முதல் சுமார் இருபது ஆண்டுகள் வின்சென்ட் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்தார். பகை கொண்டவர்களைச் சமாதானப்படுத்தினார்.

1409-இல் மூன்றாவதாக இன்னொரு போப்பாண்டவரும் முளைத்தார்! மூவரும் விலகினால்தான் ஒற்றுமை வரும் என்ற நிலை. எல்லோரும் கெஞ்சியும் பெனடிக்ட் மட்டும் விலகவே மாட்டேன் என்றார். வின்சென்ட் மனம் நொந்தார். நட்பா, திருச்சபையின் ஒற்றுமையா? 1416 ஜனவரி 6 அன்று, அரகோன் நாடு இனி பெனடிக்ட்டுக்குக் கீழ்ப்படியாது என்ற அறிவிப்பை மக்கள் முன் அவரே வாசித்தார். ஏறத்தாழ 38 ஆண்டுகள் தாங்கி நின்ற பக்கத்தை விட்டு விலக எவ்வளவு துணிவு வேண்டும்!

1417-இல் ஐந்தாம் மார்ட்டின் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிளவு தீர்ந்தது. 1419 ஏப்ரல் 5 அன்று பிரான்சில் உள்ள வான் நகரில் வின்சென்ட் காலமானார்.

கத்தோலிக்கத் திருச்சபை இன்று ரோம் வரிசையையே உண்மையானதாகக் கணக்கிடுகிறது. அப்படியென்றால் வின்சென்ட் நின்றது தவறான பக்கம். ஆனாலும் 1455-இல் அவருக்கும், 1461-இல் கத்தரீனுக்கும் புனிதர் பட்டம் கிடைத்தது. தெரியாமல் தவறியது வேறு, தெரிந்தே ஏமாற்றுவது வேறு என்பதைத் திருச்சபை உணர்ந்திருந்தது.

பிள்ளைகளே, உங்களோடு கருத்து மாறுபடுகிறவரைப் பொய்யன், கெட்டவன் என்று உடனே ஒதுக்கிவிடாதீர்கள். அவரும் நல்ல மனத்தோடு உண்மையைத் தேடிக்கொண்டிருக்கலாம். பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பக்கம் தவறு என்று தெரிந்தால், வின்சென்ட்டைப் போலத் துணிந்து திருத்திக்கொள்ளுங்கள்.