விளக்கின் கருமையில் தொடங்கிய தேடல்

இந்தியா உள்பட ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து பிரான்ஸின் தெற்கே கட்டிவரும் ஐடெர் அணுக்கரு இணைவு உலையில், 15 கோடி டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் சிறைப்படுத்தத் திட்டமிட்டுள்ளனர். ஆயினும் பிளாஸ்மாவின் விளிம்பு எங்கேனும் சுவரைத் தொட்டே தீரும். தொடும் இடத்தில் டங்ஸ்டன் பரப்பு என்னவாகும் என்பதை விஞ்ஞானிகள் கணினியில் உருவகப்படுத்திக் கணக்கிடுகின்றனர். இக்கணக்கீடுகளுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர், கணினிகள் பரவலாகும் முன்பே மறைந்த இர்விங் லாங்மியூர்.

1881-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பிறந்த லாங்மியூர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பயின்றார். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1906-இல் முனைவர் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்துவிட்டு, 1909-இல் ஸ்கெனெக்டடி நகரிலுள்ள ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அக்காலத்து டங்ஸ்டன் விளக்குகள் விரைவில் உட்புறம் கறுத்துவிடும். குமிழின் வெற்றிடத்தை மேலும் தூய்மையாக்குவதே தீர்வு எனப் பலரும் நம்பினர். லாங்மியூரோ வெவ்வேறு வாயுக்களைக் குமிழுக்குள் செலுத்தி, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது எனப் பார்த்தார். சூடான இழையிலிருந்து டங்ஸ்டன் அணுக்கள் ஆவியாகிக் கண்ணாடியில் படிவதே கருமைக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. நைட்ரஜன் போன்ற வாயு நிரப்பி, இழையைச் சுருளாக்கினால் ஆவியாதல் குறையும் என்று கண்டார். 1913-இல் வாயு நிரப்பிய விளக்கு உருவாயிற்று.

அந்த ஆய்வினூடே, ஹைட்ரஜன் மூலக்கூறுகள் சுடர்விடும் டங்ஸ்டனைத் தொட்டதும் தனி அணுக்களாகப் பிரிவதையும் அவர் கண்டறிந்தார். வாயு அணுக்கள் திடப்பொருளின் பரப்பில் ஒற்றை அடுக்காக ஒட்டுவதற்குக் கணித வடிவம் தந்தார். பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

1920-களில் மின்னிறக்கக் குழாய்களை ஆராய்ந்தபோது, அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த வாயு நிலைக்கு பிளாஸ்மா என்ற பெயரை அவரே சூட்டினார். எலெக்ட்ரான்கள் விரைவானவை, முதலில் சுவரை அடைந்து அதற்கு எதிர்மின் தன்மை அளிக்கின்றன. அதனால் சுவரையொட்டி மெல்லியதோர் உறை உருவாகி, அயனிகளை முடுக்கிச் சுவரின்மீது மோதச் செய்கிறது. இதை அளக்க அவர் பயன்படுத்திய மின்முனை, இன்றும் அவர் பெயரால் இணைவுச் சோதனைக் கருவிகளில் பொருத்தப்படுகிறது.

இன்றைய உருவகப்படுத்தல்களும் அந்த உறையைக் கணக்கில் கொண்டே அயனி எவ்வளவு ஆற்றலுடன் சுவரை அடைகிறது என்பதைக் கண்டறிகின்றன. பின்னர் மோதலில் டங்ஸ்டன் அணு பெயர்கிறதா, ஹைட்ரஜன் உள்ளே சிக்குகிறதா, ஹீலியம் குமிழாகத் திரள்கிறதா என்று அணு அணுவாகப் பின்தொடர்கின்றன. பெயர்ந்த டங்ஸ்டன் சிறிதளவு பிளாஸ்மாவின் மையத்தை எட்டினாலே அது குளிர்ந்துவிடும்; கதிரியக்கமுள்ள டிரிட்டியம் சுவரில் தேங்கினால் பாதுகாப்பும் எரிபொருளும் கேள்விக்குறியாகும். ஆனால், அணுக்களின் நகர்வைப் பின்தொடரும் கணக்கீடு பெரும்பாலும் நானோ விநாடிகளுக்கே எட்டும். சுவரோ ஆண்டுக்கணக்கில் நிலைக்க வேண்டும். இந்த இடைவெளியை அனுமானங்களே நிரப்புகின்றன.

அனுமானத்தின் ஆபத்துக்கும் லாங்மியூரின் வாழ்வே சான்று. 1946 முதல் மேகங்களில் உலர்பனி தூவி மழை வருவிக்கும் முயற்சியில் ஈடுபட்டார். நியூ மெக்ஸிகோவில் தூவிய சில்வர் அயோடைடு தொலைதூர மழையையும் வாராந்திரச் சுழற்சிக்கு உள்ளாக்கியது என்று வாதிட்டார். வானிலையாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. 1953-இல் அவரே, விரும்பிய முடிவைக் கண்டு விஞ்ஞானிகள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்வது பற்றி விரிவாக உரையாற்றினார். அந்த எச்சரிக்கை தமது மழைக் கணிப்புக்கும் பொருந்தும் என அவர் கருதியதாகத் தெரியவில்லை. 1957-இல் மாசசூசெட்ஸில் காலமானார்.

பெரும் பொருட்செலவில் இணைவு உலைகள் எழும் காலம் இது. கணினியின் விடையை மெய்யான சுவரின்மீது சோதித்துப் பார்க்கும் ஆய்வகங்களுக்கும் அதே அளவு அக்கறை காட்டுவது அவசியம். விளக்கின் கருமையை ஊகத்தால் விளக்காமல், வாயுக்களை ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்த இளம் லாங்மியூரே இதில் நமக்கு வழிகாட்டி.