செல்போர்ன் கிராமத்துக் குறிப்பேடு

பெரியார்களின் வாழ்க்கை வரலாறு என்றால் அதில் போர்க்களமோ சிறைச்சாலையோ கடற்பயணமோ இருக்கும். கில்பர்ட் வைட்டின் வாழ்க்கையில் இவை எதுவுமில்லை. இங்கிலாந்தின் ஹம்ஷயர் பகுதியிலுள்ள செல்போர்ன் என்ற சிறு கிராமத்தில் 1720 ஜூலை 18 ஆம் திகதி பிறந்தார். ஒக்ஸ்போர்ட்டில் படித்து மதகுருவானார். திருமணம் செய்யவில்லை. வண்டியில் ஏறினாலே குமட்டும் என்பதால் தூரப் பயணங்களை விரும்பவுமில்லை. 1793 இல் அதே கிராமத்தில் இறந்தார். அப்படியிருந்தும் நான் இவரைத் தெரிவு செய்ததற்குக் காரணம் ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் குறிப்பெழுதுவதை நிறுத்தவில்லை. புத்தாண்டில் டயறி தொடங்கிய எவருக்கும் இது எவ்வளவு பெரிய காரியம் என்பது தெரியும்.

1751 இல் வெறும் தோட்டக் கணக்காகத்தான் அது தொடங்கியது. வெள்ளரி எப்போது விதைத்தேன், எத்தனை வண்டி எரு போட்டேன் என்ற கணக்கு. 1768 இல் டெயின்ஸ் பரிங்டன் என்ற நண்பரின் ஏற்பாட்டில், கட்டம் போட்டு அச்சடித்த ஏடு ஒன்று அவருக்குக் கிடைத்தது. வெப்பமானி, பாரமானி, காற்று, மழை, முதலில் துளிர்த்த மரம், முதலில் பூத்த செடி, வந்த பறவை, மறைந்த பறவை என ஒவ்வொன்றுக்கும் தனி நிரல். எமது நாட்டில் பருவத்தைப் பெரும்பாலும் மழையும் காற்றும்தான் அறிவிக்கின்றன. அங்கோ ஒரு மொட்டு விரிவதும் ஒரு குருவி வந்து சேர்வதும்கூடச் செய்தி. கட்டம் காலியாக இருந்தால் கண் தானாகத் தேடும் என்று நினைக்கிறேன். அந்த ஏட்டின் பலமே அதுதான்.

அப்படித் தேடிய கண்ணுக்கும் காதுக்கும் சில அரிய விடயங்கள் அகப்பட்டன. வசந்தத்தில் வரும் மஞ்சள் கலந்த பச்சை நிறச் சிறு குருவிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றின் பாட்டைக் கவனித்துக் கேட்ட வைட், அவை மூன்று வேறு இனங்கள் என்று பிரித்தறிந்தார். பிறர் அருவருத்த மண்புழுவை, மண்ணைத் துளைத்துப் பயிருக்கு உதவும் உயிரென மதித்தார். டார்வினுக்கு மிக முந்திய காலம் அது.

1783 கோடையில் ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை விநோதமான புகைமூட்டம் ஒன்று நிலவியதை அவர் பதிந்திருக்கிறார். நண்பகற் சூரியன் மேகம் மூடிய நிலவுபோல் மங்கியது. அறுத்த இறைச்சி மறுநாளே கெட்டது. ஊரார் அஞ்சினார்கள். ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு ஜூன் 8 ஆம் திகதி வெடித்திருந்தது. அந்தச் செய்தி செல்போர்னுக்கு எட்டவில்லை. காரணம் தெரியாமலே அவர் எழுதிவைத்த நாட்கள் இன்று எரிமலை ஆய்வாளர்களுக்குச் சான்றாகின்றன.

ஆனால் அவரை விடாமல் வதைத்த கேள்வி ஒன்றிருந்தது. குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் எங்கே போகின்றன? அவை பொந்துகளில் உறங்குகின்றன என்று அக்காலத்தில் பலர் நம்பினர். ஜிப்ரால்டரில் பணியாற்றிய அவரது சகோதரர் ஜோன், குருவிகள் கடலைக் கடந்து பறப்பதைக் கண்டு எழுதினார். வைட் அதை ஏற்றார். ஆயினும் சில குருவிகளாவது செல்போர்னிலேயே தங்குகின்றன என்ற ஆசை அவரை விடவில்லை. 1781 ஏப்ரலில் ஆட்களைக் கூட்டிச் சென்று புதர்களையும் குழிகளையும் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. இந்த இடத்தில்தான் அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு. அவ்வளவு ஆசைப்பட்டவர் ஒரு நாளாவது கண்டேன் என்று பொய்யாக எழுதவில்லை. தேடியதையும் கிடைக்காததையும் அப்படியே பதிந்தார்.

நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களைத் திரட்டி 1789 இல் செல்போர்னின் இயற்கை வரலாற்றை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 68. குறிப்பேட்டின் கடைசிப் பதிவு 1793 ஜூன் 15 இல். பதினொரு நாட்களில் உயிர் பிரிந்தது.

திமோதி என்ற ஆமையைச் சொல்லாமல் விட முடியாது. அத்தையார் இறந்தபின் 1780 இல் அதை மண்ணிலிருந்து தோண்டி, பெட்டியில் வைத்து வண்டியில் கொண்டுவந்தார். அது எப்போது மண்ணுக்குள் புகுகிறது, எப்போது வெளிவருகிறது, எத்தனை இறாத்தல் எடை என்றெல்லாம் பதின்மூன்று ஆண்டுகள் குறித்துவந்தார். அதன் ஓடு இப்போது லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. அதைப் பரிசோதித்த பிற்காலத்தவர்கள், வைட் கடைசிவரை ஆணென்றே எழுதிவந்த திமோதி உண்மையில் பெண் ஆமை என்று கண்டுபிடித்தார்கள்.