தனக்கும் பிள்ளைகளுக்கும் அஞ்சலிலும் மருந்து: ஹானிமன் வாழ்ந்த கதை

ஏப்ரல் 10ஆம் தேதி உலக ஹோமியோபதி நாள். அந்த மருத்துவ முறையைத் தோற்றுவித்த சாமுவேல் ஹானிமன் 1755இல் பிறந்த நாள் அது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் கீழ் வரும் துறைகளில் ஹோமியோபதியும் ஒன்று. தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நம் வீடுகள் சிலவற்றில் அந்த வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள் அடைத்த சிறு புட்டிகள் இருக்கும். புத்தகத்தைப் பார்த்துத் தாமே சாப்பிடுபவர்கள், பேரப்பிள்ளைக்குக் கொடுப்பவர்கள், வேறு ஊரில் இருக்கும் வைத்தியரிடம் தொலைபேசியில் சொல்லி வரவழைப்பவர்கள் எனப் பலரும் உண்டு.

ஒரு மருத்துவர் தனக்கோ, தன் குடும்பத்துக்கோ, கண்ணால் பார்க்காத நோயாளிக்கோ மருந்து கொடுக்கலாமா? இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஹானிமன் மூன்றையும் செய்தவர்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பீங்கானுக்குப் பேர் போன மைசன் நகரில் அவர் பிறந்தார். தந்தை பீங்கான் பாத்திரங்களில் சித்திரம் தீட்டும் தொழிலாளி. வீட்டில் வசதி இல்லை. லைப்சிக்கிலும் வியன்னாவிலும் படித்து, 1779இல் எர்லாங்கனில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1782இல் ஹென்றியெட்டே என்ற பெண்ணை மணந்தார். பதினொரு பிள்ளைகள் பிறந்தன.

அக்கால மருத்துவம் என்றால் இரத்தத்தை வடிய விடுவது, பேதிக்குக் கொடுப்பது, பாதரசம் கொடுப்பது. நோயை விட வைத்தியமே ஆளைக் கொல்கிறது என்ற சந்தேகம் ஹானிமனுக்கு வந்தது. அது உறுதியானது தன் சொந்தப் பிள்ளைகள் கடும் நோயில் படுத்தபோதுதான். நிச்சயம் இல்லாத மருந்தைக் கொடுத்துப் பிள்ளைகளுக்குத் தானே கெடுதல் செய்துவிடுவோமோ என்று தகப்பன் மனம் பதைத்ததைப் பல ஆண்டுகள் கழித்து, 1808இல், ஹூஃபெலண்ட் என்ற மூத்த மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். மருத்துவத் தொழிலையே விட்டுவிட்டு, இரவில் கண்விழித்து நூல்களை மொழிபெயர்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். வீட்டில் வறுமைதான்.

1790இல் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் மருந்து நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். முறைக்காய்ச்சலுக்குச் சின்கோனா மரப்பட்டை கேட்பது ஏன் என்று கல்லன் சொன்ன காரணம் அவருக்கு ஒப்பவில்லை. நம் பாட்டன்மார் தோட்டங்களில் மலேரியாவுக்கு விழுங்கிய கசப்பான கொயினா இந்தப் பட்டையிலிருந்து வந்ததுதான். ஹானிமன் அதைச் சில நாள் தானே தின்று பார்த்தார். கைகால் குளிர்ந்தது, நெஞ்சு படபடத்தது, நடுக்கமும் தாகமும் வந்தன. நிறுத்தியதும் எல்லாம் நின்றது. காய்ச்சலைத் தீர்க்கும் பொருள், நலமாக இருப்பவருக்குக் காய்ச்சல் போன்ற ஒன்றைத் தருகிறது என்று முடிவு கட்டினார். ஒத்ததை ஒத்ததால் தீர்க்கலாம் என்ற கொள்கை அங்கிருந்துதான் பிறந்தது. அவர் உடம்புக்குச் சின்கோனா ஒவ்வாமல் இருந்திருக்கலாம் என்று பின்னாளில் கருதியவர்கள் உண்டு. ஒரே ஓர் உடம்பை வைத்து உலகத்துக்கே விதி எழுதினால் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று ஹானிமன் நோயாளி இல்லை. நலமாக இருந்துகொண்டு மருந்தைச் சோதித்தார். மருத்துவன் தன் உடம்பிலேயே சோதிப்பதுதான் சிறந்தது என்று 1810இல் வெளிவந்த ஆர்கனான் நூலிலும் எழுதினார். சோதனை வேறு, சிகிச்சை வேறு. இதைக் காட்டி, நோயில் படுத்தவர் தனக்குத் தானே வைத்தியம் பார்க்கலாம் என்று வாதிடுவது பொருந்தாது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். மருந்துச் சோதனையில் மாணவர்களோடு தன் குடும்பத்தாரையும் சேர்த்துக்கொண்டார். மாணவர்கள் விரும்பி வந்தவர்கள். காப்பி, மது, மசாலாவை விட்டுவிட்டு மருந்தைச் சாப்பிட்டுக் குறிப்பு எழுதினார்கள். வீட்டுப் பிள்ளை அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மூத்த மகன் ஃபிரெடரிக் பெயர் சோதித்தவர்கள் பட்டியலில் இருக்கிறது. அவரும் மருத்துவரானார், ஆர்கனானைத் தாக்கியவர்களுக்கு அப்பா பக்கம் நின்று மறுப்பு எழுதினார். பிறகு மனம் தடுமாறி, மனைவி மக்களை விட்டு வெளிநாடு போய், திரும்பாமலே காணாமல் போனார். சோதனைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஊருக்கெல்லாம் மருத்துவம் பார்த்தவர், தன் மகன் கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது.

நோயாளியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அவருக்கு இணை அன்று குறைவு. 1792இல் மனநோய்க்கு ஆளான கிளாக்கன்பிரிங் என்ற ஹனோவர் அதிகாரி, கோட்டா அருகே கியோர்கென்டால் மாளிகையில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டார். அக்காலத்தில் இத்தகையவர்களைச் சங்கிலியில் கட்டி அடிப்பார்கள். ஹானிமன் அடிக்கவில்லை. இரண்டு வாரம் மருந்தே கொடுக்காமல் கூட இருந்து கவனித்தார்.

அதே மனிதர் பிற்காலத்தில் அஞ்சல் மருத்துவராக மாறினார். லைப்சிக்கில் மருந்தை அவரே தயாரித்துக் கொடுப்பதை மருந்துக்கடைக்காரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1820இல் நெப்போலியனை வென்ற தளபதி ஷ்வார்சன்பெர்க் இளவரசர் வைத்தியத்துக்கு அழைத்தபோது, வர முடியாது, நீங்கள் லைப்சிக் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். இளவரசரே வந்தார். பார்த்துத்தான் மருந்து கொடுத்தார். ஆனாலும் அக்டோபரில் இளவரசர் இறந்தார். ஹானிமனுக்குப் பெருத்த அவப்பெயர்.

1821இல் கோத்தன் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சிற்றரசர் பாதுகாப்பு இருந்தது. வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாமல், தூரத்து நோயாளிகளுக்குக் கடிதம் வழியாகவே மருந்து சொன்னார். அந்தக் கடிதங்கள் ஆயிரக்கணக்கில் இன்று ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நோயாளி ஒவ்வொரு நாளும் உடம்பில் நடப்பதை எழுதி வைத்து அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப்பில் தலைவலி என்று ஒரு வரி போட்டு மாத்திரை கேட்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆனால் அந்த அஞ்சலில் இன்னொன்றும் போனது. எண் போட்ட பொட்டலங்கள் வரிசையாக வரும். சிலவற்றில் வெறும் பால் சர்க்கரை மட்டுமே இருக்கும். தினமும் மருந்து எதிர்பார்க்கும் நோயாளியைச் சமாதானப்படுத்த அப்படிச் செய்தார். எதில் மருந்து, எதில் சர்க்கரை என்பது நோயாளிக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் முகம் பார்த்துச் சந்தேகம் கேட்கலாம். நூறு மைல் தள்ளி இருப்பவர் என்ன செய்வார்?

1831இல் காலரா ஐரோப்பாவைத் தாக்கியது. காலரா நோயாளியைப் பார்க்காமலே, வந்த செய்திகளை மட்டும் வைத்துக் கற்பூரச் சாராயத்தைச் சிபாரிசு செய்து துண்டறிக்கை எழுதினார். நோய் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரால் பரவுகிறது என்று அவர் ஊகித்தது காலத்தை முந்தியது. கற்பூரத்தை அவர் சொன்ன அளவில் கொடுத்ததோ, அவருடைய பிரசித்தமான நீர்த்த மருந்துக்கு நேர்மாறு. நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்த்தால் மூலப்பொருளின் ஓர் அணுத்திரள்கூட மிஞ்சாது என்பது இன்றைய வேதியியல். எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருவதாக நம்பகமான ஆதாரம் இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றமும் 2015இல் அறிவித்தது. டெங்கிக் காய்ச்சலுக்கோ நெஞ்சுவலிக்கோ தொலைபேசியில் வரும் உருண்டையை நம்பி அரசாங்க மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுபவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

1830இல் ஹென்றியெட்டே இறந்தார். 1834 அக்டோபரில் பாரிஸிலிருந்து மெலனி என்ற ஓவியர், ஆண் உடையில் பயணம் செய்து, வைத்தியம் பார்க்க வந்தார். அவருக்கு வயது 34, ஹானிமனுக்கு 79. மூன்று மாதத்தில், 1835 ஜனவரியில், நோயாளியையே மருத்துவர் மணந்தார். இன்றைய மருத்துவர் கழகங்கள் எதுவும் இதைச் சும்மா விடாது. இருவரும் பாரிஸில் குடியேறினார்கள். மெலனி அவரிடமே பாடம் கற்று, நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார். வாசலில் வண்டிகள் நிரம்பின.

1843இல் ஹானிமனுக்கு மார்புச் சளி கடுமையானது. பக்கத்தில் இருந்து வைத்தியம் பார்த்தவர்களில் மெலனி முதன்மையானவர். மகள் அமாலியும் பேரனும் ஜெர்மனியிலிருந்து வந்தும், கடைசி நேரம் வரை அவர்களை அறைக்குள் விடவில்லை என்று குடும்பத்தார் மனக்கசப்போடு சொன்னார்கள். மனைவி என்ற முறையில் காவல் இருந்தாரா, மருத்துவர் என்ற முறையில் காவல் இருந்தாரா? அதைப் பிரித்துச் சொல்ல அந்த அறைக்குள் வேறு யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. ஜூலை 2ஆம் தேதி, 88 வயதில், ஹானிமன் காலமானார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1847இல், உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததற்காகப் பாரிஸ் நீதிமன்றம் மெலனிக்கு 100 பிராங்க் அபராதம் விதித்தது. ஹானிமன் திருத்தி வைத்திருந்த ஆர்கனானின் ஆறாம் பதிப்பின் கையெழுத்துப் பிரதியையும் அவர் சாகும்வரை வெளியே விடவில்லை. அது 1921இல்தான் அச்சில் வந்தது.