காற்றை ஏவல்கொண்ட ஆசிரியர்

குறிகட்டுவான் துறையிலே நின்று நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுவோர் சோழகக் காற்றின் வலிமையை நன்கறிவர். காற்றின் துணைகொண்டே ஊர்காவற்றுறையிலிருந்து நம் முன்னோர் பாய்க்கப்பல் செலுத்தினர். அதே காற்று வீட்டில் விளக்கெரிக்கவும் பொறி சுழற்றவும் வல்லதென்பதை, நூறாண்டுகளுக்கு முன்னரே ஓர் ஆசிரியர் செய்து காட்டினார். கல்லூரி மலரொன்றிலே அவர் வரலாற்றைக் கூறுதல் பொருத்தமுடைத்தென எண்ணுகின்றோம்.

பௌல் லா கூர் என்னும் அப்பெரியார் டென்மார்க்குத் தேசத்தில் 1846 ஆம் ஆண்டு ஏப்ரில் 13 ஆம் நாள் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். வானிலை விஞ்ஞானம் கற்று, 1872 இல் நிறுவப்பெற்ற டேனிய வானிலை நிலையத்தில் உயர்பதவி வகித்தார். ஒரே கம்பியிற் பல செய்திகளை ஒருங்கே அனுப்பும் தந்தி முறையை ஆராய்ந்து புகழும் ஈட்டினார். எனினும் 1878 இல் தலைநகரை விட்டகன்று, அஸ்கோவ் என்னும் சிற்றூரிலே கமக்காரர் மக்கள் பயிலும் உயர்பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியரானார்.

மின்னொளி அக்காலத்தே நகரங்களுக்கே உரியதாயிருந்தது. நகரம் வசதி பெறக் கிராமம் பின்தங்குமாயின், இளைஞர் ஊரில் நில்லார் என்பதை அவர் உணர்ந்தார். கிராமத்தில் நிலக்கரி இல்லை. காற்றோ நிறைய உண்டு. ஆதலின் 1891 இல் அரசாங்க உதவி பெற்று, பள்ளியின் அருகே காற்றாலையொன்று அமைத்து மின்சாரம் பிறப்பித்தார்.

அவர்முன் இரண்டு இடர்கள் நின்றன. காற்று ஒரே சீராய் வீசாமை ஒன்று. வேண்டும்போது வீசாமை மற்றொன்று. முன்னதை, சுழற்சியைச் சமன்செய்யும் எளிய பொறியொன்றினால் வென்றார். பின்னதற்காக, மின்சாரத்தால் நீரைப் பகுத்து, ஐதரசனையும் ஒட்சிசனையும் தொட்டிகளிற் சேமித்தார். 1895 முதல் 1902 வரை பள்ளி விளக்குகள் அந்த ஐதரசனால் எரிந்தன. அதனுள் ஒட்சிசன் சிறிது கலந்தமையால் வெடிப்பு நேர்ந்து, பள்ளிச் சாளரக் கண்ணாடிகள் சிதறியதும் உண்டு. அவர் மனந்தளர்ந்தாரல்லர். 1902 இல் அஸ்கோவ் காற்றாலை மின்கலங்களின் துணையுடன் ஊர் முழுவதற்கும் ஒளி தரும் நிலையமாயிற்று. பல இறக்கைகள் மெல்லச் சுழல்வதினும் சில இறக்கைகள் விரைந்து சுழல்வதே சிறந்ததென்பதையும் பரிசோதனையாற் கண்டார்.

ஆயினும் அவரது அருஞ்செயல் இவற்றுள் எதுவுமன்று என்பது எம் கருத்து. பொறியைப் படைத்ததோடமையாது, அதனைப் பேணுவாரையும் அவர் படைத்தார். 1904 இல் நாட்டுப்புற இளைஞரைச் சேர்த்து, மின்பொறிகளை நிறுவவும் இயக்கவும் பயிற்றினார். 1908 ஏப்ரில் 24 ஆம் நாள் அவர் மறைந்தார், மாணாக்கர் மறக்கவில்லை. 1918 அளவில் டென்மார்க்கில் ஏறக்குறைய 120 ஊர் மின்நிலையங்கள் காற்றாலைகளைக் கொண்டிருந்தன. அவரிடம் பயின்ற யொகான்னசு யூல் என்பவர் கெட்சர் என்னுமிடத்தில் 1957 இல் நிறுவிய 200 கிலோவாற்றுக் காற்றாலையே பிற்காலத்து மூவிறக்கைக் காற்றாலைகளுக்கு வழிகாட்டியது.

இனி நம் தீவுகளை நோக்குவோம். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அனலைதீவிலும் எண்ணெய் எஞ்சின்களே நெடுங்காலம் மின்சாரம் அளித்து வந்தன. அம்மூன்று தீவுகளிலும் 530 கிலோவாற்றுக் காற்று மின்சாரமும், 1,700 கிலோவாற்றுச் சூரிய மின்சாரமும், 2,400 கிலோவாற்று-மணி மின்கலச் சேமிப்பும் அமைத்தற்கு இந்திய உதவியுடன் 2024 மார்ச்சு 1 ஆம் நாள் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பெற்றது. அஸ்கோவ் ஆசிரியர் எதிர்நோக்கிய அதே இரண்டு இடர்கள் இங்கும் உள. அவற்றை வெல்லும் கருவிகளை விலைகொடுத்து வாங்கலாம். உப்புக்காற்றிலே பழுதுறும் பொறியைத் திருத்தும் கைகளை எவர் தருவர்? ஊர்ப்பிள்ளைகளே அக்கைகளாதல் வேண்டும். பட்டத்திற்கு விண் பூட்டிக் காற்றின் போக்கறிந்த மாணாக்கர் நம் வகுப்புக்களில் இருக்கின்றனர். அவர்தம் பௌதிக கூடத்திற்கு உதவுமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம்.